லேசான பிளைவீல்: எந்த கியருக்காக?

திருவள்ளூரை ஒட்டி இந்துஸ்தான் மோட்டார்ஸ் நடத்திய ஆலையிலிருந்து 1998-இல் மிட்சுபிஷி லான்சர் வெளியே வந்தது. 2006-இல் அதே வளாகத்திலிருந்து சீடியா வந்தது. 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 115 குதிரைத்திறன், வளைவில் நம்பி விடக்கூடிய சேஸி. எம்ஆர்எஃப் அணி ராலிகளில் அதை ஓட்டியது. உற்பத்தி நின்று பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. அந்த ஆலையில் இப்போது சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. இருந்தும் சீடியாவை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் இந்த மாவட்டத்திலும் சென்னையிலும் கோவையிலும் இருக்கிறார்கள். நான்கு கதவு வைத்த வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். விடுமுறை நாளில் அதை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு ஓட்டிப் போகிறவருக்கு அது ஸ்போர்ட்ஸ் கார்தான்.

இவர்களுடைய வண்டியில் ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மாறிய பிறகு அடுத்த பேச்சு தவறாமல் பிளைவீலில் வந்து நிற்கும். "பிளைவீலை லேசாக்கினால் பிக்கப் பறக்கும்" என்பது பட்டறை வாக்கு. பத்துக் குதிரைத்திறன் கூடும் என்று சொல்கிறவர்களும் உண்டு. இந்த வாக்குறுதியில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வியாபாரம் என்று எடை போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் கியர் பாக்ஸை இறக்காமல் பிளைவீலைத் தொட முடியாது. வாங்கிய பொருள் பிடிக்காவிட்டால் கூலி இரண்டாவது முறையும் நம்முடையது.

பிளைவீல் செய்கிற வேலையைப் புரிந்துகொள்ளக் குயவரின் திகிரியைப் பார்த்தால் போதும். கோலால் நாலு சுற்று சுற்றிவிட்டால், குயவர் இரண்டு கையையும் மண்ணில் வைத்திருக்கும் நேரம் முழுவதும் அது சுழன்றுகொண்டே இருக்கிறது. அதன் கனமெல்லாம் விளிம்பில் இருப்பதுதான் காரணம். நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்று வருவதற்குள் இரண்டு முறைதான் எரிபொருள் வெடிக்கிறது. இரண்டு வெடிப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் கிராங்கைத் தள்ளிக்கொண்டு போவது பிளைவீலில் சேர்ந்திருக்கும் சுழற்சி. க்ளட்சை விடும்போது நின்ற வண்டியை முதலில் நகர்த்துவதும் அதுவே.

ஆகவே கனமான பிளைவீல் என்பது வடிவமைத்தவரின் அறியாமை இல்லை. திருவொற்றியூரில் பிறந்த 346 சிசி புல்லட்டின் பெரிய பிளைவீலை எடுத்துவிட்டால் அந்த வண்டிக்குப் பெயரே இருக்காது. குறைந்த ஆர்பிஎம்மில், மூன்றாவது கியரில், ஆளை ஏற்றிக்கொண்டு திணறாமல் மேட்டில் ஏறுவது அந்தச் சக்கரத்தின் உபயம். எண்ணூர் அசோக் லேலண்ட் லாரிக்கும் அதே கதை. தொழிற்சாலைப் பொறியாளர் யாரோ ஒரு சராசரி ஓட்டுநரை மனத்தில் வைத்துக் கனத்தை நிர்ணயிக்கிறார். நாம் அந்தச் சராசரி இல்லை என்று நிரூபிக்க முடிந்தால் மட்டுமே அவர் முடிவை மாற்ற நமக்கு நியாயம் இருக்கிறது.

விளம்பரங்கள் எல்லாம் கிலோவைச் சொல்கின்றன. எட்டு கிலோ நான்கரை ஆகிவிட்டது என்கின்றன. தராசு இங்கே பாதி உண்மையைத்தான் சொல்லும். பிளஸ் ஒன் இயற்பியலில் வரும் நிலைமத் திருப்புத்திறன்தான் பார்க்க வேண்டியது. அதில் ஆரம் வர்க்கமாக வருகிறது. மையத்திலிருந்து 13 சென்டிமீட்டரில் ஒரு கிலோவைக் குறைப்பதும் 6 சென்டிமீட்டரில் ஒரு கிலோவைக் குறைப்பதும் தராசுக்கு ஒன்று. இன்ஜினுக்கு முதலாவது, இரண்டாவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஒரே எடை கொண்ட இரண்டு பிளைவீல்கள் ஓட்டும்போது வேறு வேறு வண்டியாகத் தெரிவது இதனால்தான். விற்பவரிடம் கிலோவைக் கேட்பதோடு நிற்காமல் திருப்புத்திறனைக் கேளுங்கள். அவரிடம் அந்த எண் இல்லையென்றால் பொருளைக் கையில் வாங்கிப் பாருங்கள்: விளிம்பு மெலிந்து நடு தடித்திருந்தால் யோசித்துச் செய்தது, நடுவில் ஓட்டை போட்டு விளிம்பை அப்படியே விட்டிருந்தால் தராசுக்காகச் செய்தது.

இனிக் கணக்கு. சீடியா அளவுள்ள ஒரு கார் என்று வைத்துக்கொண்டு தோராயமான எண்களைப் போடுகிறேன். ஓட்டுநரோடு 1,300 கிலோ, டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர், ஃபைனல் டிரைவ் விகிதம் 4, பழைய பிளைவீல் 8 கிலோ, புதியது 4.5 கிலோ. திருப்புத்திறன் 0.073-இலிருந்து 0.036-க்கு இறங்குகிறது, அதாவது பாதி. இது தாராளமான குறைப்புதான். இந்தக் குறைவு வண்டியின் எடையில் எத்தனை கிலோவைக் குறைத்ததற்குச் சமம் என்று பார்த்தால், விடை கியருக்குக் கியர் மாறுகிறது. முதல் கியரில் சுமார் 80 கிலோ. ஒரு ஆளை இறக்கிவிட்ட மாதிரி. இரண்டாவதில் 25 கிலோ. மூன்றாவதில் 12. நான்காவதில் ஆறேழு கிலோ. ஐந்தாவதில் நான்கு கிலோ சொச்சம். டிக்கியிலிருந்து ஜாக்கியையும் டூல்ஸ் பையையும் எடுத்து வீட்டில் வைத்தாலே அது கிடைத்துவிடும்.

கியர் விகிதமும் வர்க்கமாக வருவதால்தான் இந்தச் சரிவு. பிளைவீல் பேச்சில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத உண்மை இதில் இருக்கிறது. ஆதாயம் முழுக்க முதல் கியரில் குவிந்து கிடக்கிறது. பந்தயத் தடத்தில் முதல் கியருக்கு வேலை ஏது? 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைத் தடம் ஒரு சுற்றுக்கு 3.7 கிலோமீட்டர். கொடி இறங்கும்போது முதல் கியரை ஒரு தடவை தொட்டால், அப்புறம் பந்தயம் முடிந்து பிட்டுக்குத் திரும்பும்வரை அதன் பக்கம் கை போகாது. அதற்கு முந்தைய தலைமுறை பந்தயம் பார்த்த சோழவரம் போர்க்கால விமான ஓடுதளம். அங்கே நீண்ட நேர்கோடுகள்தான் ஆட்டமே. நேர்கோட்டில் உச்ச கியரில் பிளைவீலின் கனத்தைக் குறைத்ததால் யாரும் ஒரு காரைக் கூடத் தாண்டியிருக்க முடியாது.

குதிரைத்திறன் கூடுகிறது என்ற பேச்சுக்கும் இதே கணக்கு பதில் சொல்கிறது. பிளைவீல் எதையும் எரிப்பதில்லை. எனவே எந்தத் திறனையும் உண்டாக்குவதில்லை. வண்டி வேகமெடுக்கும் அந்த நேரத்தில் தானும் வேகமெடுப்பதற்காக இன்ஜினிடமிருந்து கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மேலே போட்ட எண்களில் 6,000 ஆர்பிஎம்மில் லேசான பிளைவீல் மிச்சப்படுத்துவது முதல் கியரில் ஐந்து குதிரைத்திறன் அளவு. மூன்றாவது கியரில் அரைக் குதிரைத்திறன். ஒரே வேகத்தில் சீராகப் போகும்போது பூஜ்யம். டைனோ உருளைமேல் வண்டியை ஏற்றிக் குறைந்த கியரில் வேகமாக முறுக்கிக் காட்டினால் எண் கூடுதலாக வரும், பொய்யில்லை. ஆனால் அது அந்தச் சோதனை முறையின் குணம். முன்னும் பின்னும் எந்த கியரில், எவ்வளவு வேகமாக முறுக்கி எடுத்த எண் என்று கேட்காமல் அந்தக் காகிதத்தை நம்பி ஒரு ரூபாய் கூடக் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் பந்தயக்காரர்கள் எதற்காக மாட்டுகிறார்கள்? கியர் மாற்றுவதற்காக. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் 6,500-இல் இருக்கும் ஆர்பிஎம் அடுத்த கியருக்குத் தேவையான 4,500-க்கு இறங்கியாக வேண்டும். கனமான பிளைவீல் இறங்க மறுக்கிறது. லேசானது சட்டென்று இறங்குகிறது. வளைவுக்கு முன் பிரேக் பிடித்துக்கொண்டே குதிகாலால் ஆக்சிலரேட்டரைத் தட்டி கியரை இறக்கும்போதும் இன்ஜின் உடனே எழுந்து வருகிறது. கியர் கடிக்காமல் விழுகிறது, முன் சக்கரம் திடுக்கிடுவதில்லை. இதை அனுபவித்தவர்கள் "வண்டி உயிரோட இருக்கு" என்பார்கள். மிகையில்லை. அதே சமயம் எதிர்பார்ப்புக்கும் ஓர் அளவு வேண்டும். பிளைவீலோடு சேர்ந்து கிராங்க், பிரஷர் பிளேட், க்ளட்ச் பிளேட் எல்லாம் சுழல்கின்றன; அவை குறையவில்லை. பிளைவீலின் திருப்புத்திறனைப் பாதியாக்கினாலும் சுழலும் மொத்தத்தில் கால் பங்கு அளவுதான் போகிறது. ஆர்பிஎம் இறங்கும் நேரமும் கால் பங்குதான் குறையும்.

இவ்வளவுதான் வரவு. செலவுப் பக்கம் திருவாலங்காட்டுச் சாலையில் தெரியும். திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பது திருவாலங்காட்டில். அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் சாலையை அடைத்துக்கொண்டு நடக்கிற வேகத்தில் போகும். முந்த முடியாது, முதல் கியர், அரை க்ளட்ச், நிறுத்து, மறுபடி முதல் கியர். இந்த வேலைக்குத்தான் பிளைவீலின் சேமிப்பு தேவை. 800 ஆர்பிஎம் ஐட்லிங்கில் பழைய பிளைவீலில் இருக்கும் ஆற்றல் சுமார் 250 ஜூல், லேசானதில் 125. நின்ற 1,300 கிலோ காரை மணிக்கு 3.6 கிலோமீட்டருக்குக் கொண்டுவரவே 650 ஜூல் வேண்டும். பழைய பிளைவீல் 800-இல் கொடுத்த உதவியைப் புதியது கொடுக்க வேண்டுமானால் இன்ஜின் 1,130-க்குப் போயாக வேண்டும். அதாவது ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கொஞ்சம் கூடுதல் ஆக்சிலரேட்டர், கூடுதல் க்ளட்ச் தேய்மானம். மறந்தால் வண்டி ஆஃப். பழகிய கால் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும். வீட்டில் இன்னொருவர் அதே வண்டியை ஓட்டுவதாக இருந்தால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

ஐட்லிங் சீராக இருக்காது. ஏசி கம்ப்ரசர் போடும்போது ஆர்பிஎம் பள்ளத்தில் விழுந்து எழும். நியூட்ரலில் கியர் பாக்ஸிலிருந்து கடகட சத்தம் வரும். க்ளட்சை மிதித்தால் நிற்கும். பேரிங் போய்விட்டது என்று பயந்து மெக்கானிக்கிடம் ஓடுகிறவர்கள் உண்டு. ஆனால் அது பல்லும் பல்லும் தட்டிக்கொள்ளும் சத்தம். இன்ஜினின் ஒவ்வொரு வெடிப்பும் முன்பு பிளைவீலில் அமுங்கியது, இப்போது கியர் வரை போகிறது. இதைவிடச் சங்கடமானது செக் இன்ஜின் விளக்கு. புதிய கார்களில் இசியூ, கிராங்கின் வேகம் வெடிப்புக்கு வெடிப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்துத்தான் மிஸ்ஸிங் இருக்கிறதா என முடிவு செய்கிறது. பிளைவீல் லேசானால் அந்த ஏற்ற இறக்கம் இயல்பாகவே பெரிதாகும். இல்லாத மிஸ்ஸிங்குக்கு விளக்கு எரியலாம்.

வெப்பத்தைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. க்ளட்ச் வழுக்கும்போது உண்டாகும் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டியது பிளைவீலின் முகம். எட்டு கிலோ வார்ப்பிரும்பு வாங்கிய அதே சூட்டை நான்கரை கிலோ எஃகு வாங்கினால் வெப்பநிலை முக்கால் பங்கு கூடுதலாக ஏறும். கரும்பு லாரிக்குப் பின்னால் அரை மணி நேரம் ஊர்ந்தால் இது மூக்குக்கே தெரியும். அலுமினியத்துக்கு இங்கே ஓர் எதிர்பாராத சாதகம் இருக்கிறது: ஒரு கிலோ அலுமினியம் ஒரு கிலோ இரும்பைப் போல இரண்டு மடங்கு சூட்டை வாங்கிக்கொள்ளும். எடை பாதியானாலும் சூடு தாங்கும் கொள்ளளவு ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சந்தையில் கிடைக்கும் வழிகளைப் பார்க்கலாம்.

முதல் வழி, செலவில்லாத வழி: இருக்கிற பிளைவீலையே லேத்தில் போட்டுக் கடைந்துவிடுவது. அம்பத்தூரிலும் திருவள்ளூரிலும் இதைச் செய்துதரக் கைதேர்ந்த டர்னர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைத்திறனைக் குறை சொல்லவில்லை. ஒரு நல்ல டர்னர் பிளைவீலைச் சக்கில் ஏற்றுவதற்கு முன் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியால் லேசாகத் தட்டுவார். மணிபோல் ஒலித்தால் சரி; சொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். டூல் பட்டதும் வார்ப்பிரும்பு சுருளாக வராது. கறுப்புத் தூளாக, நொறுங்கிய மிளகைப் போலக் கொட்டும். கையைக் கழுவினாலும் ரேகையில் ஒட்டியிருக்கும். அதே லேத்தில் இஎன்19 எஃகைக் கடைந்தால் நீலம் பாய்ந்த நீளச் சுருள் வரும். பொருளின் குணம் அந்தத் தூளிலேயே தெரிந்துவிடுகிறது: வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், இழுவையில் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

"அண்ணே, ரெண்டு கிலோ எறக்கித் தாங்க" என்று கேட்டால், "எறக்கலாம் தம்பி, உக்காந்து ஓட்டப்போறது நீங்க" என்று சொல்கிற டர்னரைத்தான் நான் மதிப்பேன். 6,500 ஆர்பிஎம்மில் அந்தச் சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 330 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. தன்னையே வெளியே இழுத்துப் பிய்த்துக்கொள்ளப் பார்க்கிறது. கியர் தவறி விழுந்து 8,000-க்கு ஒரு கணம் போனால் அந்த இழுவிசை இன்னும் பாதி அளவு கூடிவிடும். பல வருடம் க்ளட்ச் சூட்டில் வெந்த முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் இருக்கும். கடைசலில் விட்ட ஒரு கூர்மூலை போதும், முறிவு அங்கே தொடங்க. சீடியா போலக் குறுக்கே அமர்ந்த இன்ஜினில் பிளைவீலின் தளம் காரின் நீளவாக்கில் இருக்கிறது. தெறிக்கும் துண்டின் பாதையில் முன்னே ரேடியேட்டர், மேலே பானட், பின்னே ஃபயர்வால். ஃபயர்வாலுக்கு அப்பால் கால்கள். அமெரிக்க டிராக் (drag) பந்தயங்களில் க்ளட்சும் பிளைவீலும் வெடித்துச் சிதறியதைப் பார்த்துத்தான் எஸ்எஃப்ஐ 1.1 என்ற தரச்சான்று இன்று கேட்கப்படுகிறது. தேய்ந்த முகத்தைச் சமன்படுத்த மெல்லிசாக ஸ்கிம் செய்வது வேறு, கிலோக் கணக்கில் கடைவது வேறு. பின்னதை நான் முழுமையாக நிராகரிக்கிறேன்.

பேலன்சிங் இன்னொரு காரணம். தொழில்துறைச் சுழலிகளுக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் ஜி6.3 தரத்தின்படி, 6,500 ஆர்பிஎம்மில் சுழலும் நான்கரை கிலோ பிளைவீலின் விளிம்பில் அனுமதிக்கப்படும் பிசகு சுமார் 0.3 கிராம். லேத்தில் கண்ணளவில் வருவதில்லை இது. தனி பேலன்சிங் எந்திரத்தில், பிரஷர் பிளேட்டையும் மாட்டி, ஏற்றிப் பார்த்தாக வேண்டும்.

இரண்டாவது வழி அலுமினியம். அமெரிக்காவின் ஃபிடான்ஸா போன்றவர்கள் செய்வது. உடல் அலுமினியம், க்ளட்ச் உரசும் இடத்தில் மட்டும் எஃகுத் தட்டு போல்ட்டிட்டிருக்கும், ஸ்டார்ட்டருக்கான ரிங் கியரும் எஃகு. சூட்டை நன்றாக வாங்கும் என்று மேலே பார்த்தோம். உரசும் தட்டு தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் 100 டிகிரி சூடேறினால் அலுமினியம் எஃகைப் போல இரண்டு மடங்கு விரிகிறது. 24 சென்டிமீட்டர் விட்டத்தில் இரண்டுக்கும் கால் மில்லிமீட்டர் வேறுபாடு வந்துவிடும். மறுபடி மறுபடி சூடாகி ஆறும் ஊர் ஓட்டத்தில் இந்த இழுபறியைத் தாங்க வேண்டியது அந்த போல்ட்டுகள். ஒரு மணி நேரப் பந்தயத்துக்குப் பின் கழற்றிச் சோதிக்கப்படும் காருக்கு இது சிக்கலில்லை. ஐந்து வருடம் யாரும் திறந்து பார்க்காத காருக்குச் சிக்கல். மேலும் அலுமினியப் பிளைவீல்கள் பெரும்பாலும் மிக லேசாக்குவதற்காகவே செய்யப்படுகின்றன. டிராக்டர் பின்னால் ஊர்வதற்கு அவை ஆகாது. தடத்துக்கு மட்டும் டிரெய்லரில் போகும் வண்டி என்றால் அலுமினியத்துக்கு என் ஓட்டு உண்டு.

மூன்றாவது, ஒரே கட்டியிலிருந்து கடைந்த குரோம்-மாலிப்டினம் எஃகு. நம் பட்டறை மொழியில் இஎன்19; அமெரிக்கர்கள் 4140 என்பார்கள். ஜப்பானின் எக்ஸெடி இந்த வகைக்குப் பெயர் பெற்றது. அமெரிக்காவின் ஏசிடி இதிலேயே தெருவுக்கு ஒன்று, பந்தயத்துக்கு ஒன்று என்று இரண்டு தரம் வைத்திருக்கிறது. வேண்டியது அளவான குறைப்பே என்று விற்பவரே ஒப்புக்கொள்வதை அந்த இரண்டு தரத்தில் நான் பார்க்கிறேன். ஒரே உலோகம், ஒரே விரிவு. போல்ட்டிட்ட தட்டு கிடையாது. தேய்ந்தால் மெல்லிசாக ஸ்கிம் செய்யலாம். இழுவையில் வார்ப்பிரும்பைவிடப் பல மடங்கு உறுதி. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகள் இருக்கும் மாவட்டத்தில் எஃகுக்குப் பஞ்சமில்லை, இங்கேயே செய்துகொள்ளலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கட்டடக் கம்பிக்கான எஃகு வேறு, 6,500 ஆர்பிஎம்மில் சுழலும் தட்டுக்கான எஃகு வேறு. சோதனைச் சான்றோடு வந்த இஎன்19 கட்டி, முறையான வெப்பப் பதப்படுத்தல், மீயொலிச் சோதனை, பேலன்சிங் என்று எல்லாம் செய்யக்கூடிய ஆலைகள் சென்னையைச் சுற்றி நிறையவே உண்டு. ஆனால் ஒரே ஒரு பிளைவீலுக்காக அவ்வளவையும் செய்தால் இறக்குமதியே மலிவாக முடியும். பத்துப் பேர் சேர்ந்து செய்தால் கதை வேறு.

டூயல் மாஸ் பிளைவீல் வைத்த கார்காரர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். ஜெர்மனியின் லூக் நிறுவனம் 1985-இல் சந்தைக்குக் கொண்டுவந்த அந்தப் பொருள் இரண்டு துண்டாக, நடுவில் ஸ்பிரிங் வைத்து, அதிர்வை விழுங்குவதற்காகவே செய்யப்பட்டது. அதைக் கழற்றி ஒற்றைத் தகடு போட்டால் அந்த அதிர்வெல்லாம் கியர் பாக்ஸுக்குத்தான் போகும். டீசல் காரில் இதைச் செய்யச் சொல்கிறவரிடம் வேறு பேச்சு பேசுங்கள். பிளைவீலோடு முன்பக்கக் கிராங்க் புல்லியையும் லேசாக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ரப்பர் அடுக்கு வைத்த அந்தப் புல்லி கிராங்கின் முறுக்கு அதிர்வை அடக்குகிறது. அதைத் தொடக்கூடாது.

ராலிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மண்பாதையில் ஆக்சிலரேட்டரை விட்டவுடன் ஆர்பிஎம் சடாரென்று இறங்கினால் இன்ஜின் பிரேக்கிங்கும் சடாரென்று வரும். பிடிமானம் குறைந்த தரையில் சக்கரம் அதற்கு வழுக்கும். கிளம்பும்போது சக்கரம் வீணாகச் சுற்றுவதும் கூடும். தார்த் தடத்தில் நன்மையாக இருந்த அதே குணம் இங்கே ஓட்டுநரின் கால்மேல் கூடுதல் பொறுப்பாக விழுகிறது. குரூப் என் போலத் தொழிற்சாலை நிலைக்கு நெருக்கமான வகுப்புகளில் பிளைவீலை மாற்றவே அனுமதி கிடையாது. வாங்குவதற்கு முன் உங்கள் வகுப்பின் விதிப்புத்தகத்தைப் படியுங்கள்.

பொருத்தம் பார்க்காமல் வாங்கி மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். மிட்சுபிஷியின் புகழ்பெற்ற 4ஜி63 இன்ஜின் ஒன்றிலேயே கிராங்கில் 6 போல்ட் வைத்தது, 7 போல்ட் வைத்தது என இரண்டு உண்டு. பெயரை நம்பி வாங்கினால் அட்டைப்பெட்டியோடு வீட்டு மூலையில் கிடக்கும். போல்ட் எண்ணிக்கை, போல்ட் வட்டத்தின் விட்டம், ரிங் கியரின் பல் எண்ணிக்கை, க்ளட்ச் விட்டம், உரசும் முகத்தின் உயரம் ஆகிய ஐந்தையும் பழையதை இறக்கி வைத்து ஒப்பிட வேண்டும். சில இன்ஜின்களில் கிராங்க் சென்சார் பிளைவீலில் உள்ள பல்லைப் பார்த்துத்தான் வேலை செய்யும்; அதுவும் ஒத்துப்போக வேண்டும். மாட்டும்போது புது போல்ட், டார்க் ரெஞ்ச், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட் எல்லாம் ஒன்றாக முடியட்டும். பழைய க்ளட்ச் பிளேட்டைப் புதிய முகத்தில் ஒட்டவிட்டுப் பணத்தை மிச்சம் பிடிப்பது அசல் நஷ்டம்.

என் தீர்ப்பு இது. தினமும் திருவள்ளூர் சாலையில் ஓடி, எப்போதாவது தடத்துக்குப் போகும் சீடியாவுக்கு ஒரே கட்டியில் செய்த எஃகுப் பிளைவீல், அதுவும் திருப்புத்திறனில் 25 முதல் 30 சதவீதம் வரை குறைந்தது. நான் மேலே கணக்குக்காக எடுத்துக்கொண்ட 50 சதவீதக் குறைப்பு ரோட்டுக்கு அதிகம். அலுமினியம் தடத்துக்கு மட்டும். லேத்தில் இளைத்த வார்ப்பிரும்பு எதற்கும் இல்லை. குதிகாலால் ஆக்சிலரேட்டரைத் தட்டி கியர் இறக்கும் பழக்கமே இல்லாதவர் எதையும் மாற்ற வேண்டாம். அவருக்குக் கிடைக்கப்போவது கடகட சத்தம் மட்டும்தான். பணம் அளவாக இருந்தால் முதலில் டயர், பிறகு பிரேக் பேடும் பிரேக் ஆயிலும், அதற்கும் பிறகே பிளைவீல். க்ளட்ச் இன்னும் நன்றாகப் பிடிக்கிறது என்றால், அது தேய்ந்து கியர் பாக்ஸ் இறங்கும் நாள் வரை பொறுத்திருங்கள்.